கணினியில் ஒப்புநோக்குதல்

(மூன்றாமாண்டு, இளம் அறிவியல் – கணினி அறிவியல்)

முன்னுரை

‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்; படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்பது பழமொழி. ஓலையைப் பார்த்து ஓலை எழுதிய காலத்தில் பிறந்த இச்சொல், கோப்பிலிருந்து கோப்பு எடுக்கும் கணினிக் காலத்திலும் பொய்யாகவில்லை. ஒரே உரையின் இரண்டு படிகள் நம் கையில் இருக்கும்போது அவை எங்கெங்கே வேறுபடுகின்றன என்று பிழையின்றி அறிவது எப்படி? அதற்கென உள்ள கருவியைக் கணினியில் அமைத்துக்கொள்வது எப்படி? அது சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாக்கள் எனக்குப் புத்தகத்திலிருந்து எழவில்லை. தமிழ்த்துறையில் முதுகலை பயிலும் நண்பர் ஒருவர் தம் ஆய்வேட்டிற்காகத் தம் ஊரில் ஒரு மூதாட்டி பாடிய தாலாட்டுகளைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதி, பிறகு தாமே கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அந்தக் கோப்பைப் பக்கம் அமைப்பதற்காக ஒரு தட்டச்சு நிலையத்தில் கொடுத்தார். நெறியாளர் சொன்ன திருத்தங்களும் அங்கேயே செய்யப்பட்டன. அச்சிட்டு வந்த தாள்களைப் புரட்டியபோதுதான் ‘வெள்ளாமை’ என்று பாட்டி பாடிய சொல் ‘வேளாண்மை’ என்று மாறியிருப்பதைக் கண்டார். ‘அம்புட்டு’ என்பது ‘அவ்வளவு’ ஆகியிருந்தது. தட்டச்சு செய்தவர் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. பேச்சு வழக்கைப் பிழை என்று கருதி, நல்லெண்ணத்தோடு திருத்திவிட்டார்.

மூதாட்டியிடம் மீண்டும் கேட்கலாம் என்றால் அவர் அதற்குள் காலமாகிவிட்டார். குறிப்பேட்டில் விரைந்து கிறுக்கியவை நண்பருக்கே முழுதும் விளங்கவில்லை. முதலில் தட்டச்சு செய்த கோப்பு ஒன்றே சான்று. புதிய கோப்பை விட்டுவிட்டுப் பழைய கோப்பையே எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. நெறியாளரின் திருத்தங்கள் புதியதில்தான் இருந்தன. ஆகவே இரண்டையும் வரிக்கு வரி ஒப்புநோக்குவதைத் தவிர வேறு வழி இல்லை என்றாயிற்று.

கண் செய்யும் பிழை

அச்சகங்களில் மெய்ப்புப் பார்ப்பவர்கள் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பைப் பார்த்து வருவது பழைய வழக்கம். நாங்களும் அப்படியே செய்தோம். நண்பர் படித்தார், நான் பார்த்தேன். இரண்டு மாலைகள் கழிந்தன. ஒன்பது இடங்களைக் கண்டுபிடித்தோம்.

பிற்பாடு கருவி காட்டியபோது அவை முப்பத்தெட்டு இடங்கள் என்று தெரிந்தது. மூன்றில் ஒரு பங்கைக்கூட நாங்கள் காணவில்லை! இதற்குக் காரணம் சோம்பல் அன்று. நம் கண் எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை. சொல்லின் உருவத்தைப் பார்த்து, பொருளை ஊகித்து, மேலே சென்றுவிடுகிறது. எதிர்பார்த்த சொல் இருப்பதாகவே அது எண்ணிக்கொள்கிறது. காதும் அப்படியே; படிப்பவர் ணகர னகர வேறுபாட்டைச் சரியாக ஒலிக்காவிட்டால் கேட்பவருக்குப் பிழை தெரிவதில்லை. கணினிக்கோ பொருள் தெரியாது. ஒப்புநோக்குவதில் அந்த அறியாமையே அதற்குப் பெரிய பலம்.

கருவி பிறந்த கதை

கோப்புகளை ஒப்பிடும் கருவிகளில் புகழ்பெற்றது ‘டிஃப்’ என்பதாகும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் இதனை உருவாக்கினார். 1974ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்பில் இது இடம்பெற்றது. இதன் கணிப்பு முறையை விளக்கி ஜேம்ஸ் ஹன்ட் என்பவரும் மெக்கில்ராயும் 1976இல் அறிக்கை வெளியிட்டனர். 1985இல் லாரி வால் ‘பேட்ச்’ என்னும் கருவியைத் தந்தார். டிஃப் காட்டிய வேறுபாடுகளை மட்டும் அனுப்பினாலே போதும். பெறுபவர் தம்மிடமுள்ள பழைய படியைப் புதியதாக்கிக்கொள்ளலாம். 1986இல் யூஜின் மையர்ஸ் இன்னும் விரைவான முறையொன்றை வெளியிட்டார். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய ‘கிட்’ என்னும் பதிப்புக் காப்பு மென்பொருள், தானாக ஒப்பிடும்போது மையர்ஸ் முறையையே கையாள்கிறது.

கருவி செய்வது என்ன?

முதல் வரியை முதல் வரியோடும் இரண்டாம் வரியை இரண்டாம் வரியோடும் ஒப்பிட்டால் போதாதா என்று தோன்றலாம். ஒரு சிறு எடுத்துக்காட்டால் அதன் குறையை உணரலாம்.

பழைய கோப்பு: அல்லி, தாமரை, மல்லி, முல்லை, ரோஜா.
புதிய கோப்பு: தாமரை, மல்லி, முல்லை, செவ்வந்தி, ரோஜா.

ஒவ்வொரு பூவும் ஒரு வரி என்று கொள்வோம். வரிசை எண்படி ஒப்பிட்டால் முதல் நான்கு வரிகளும் வேறு. கடைசி வரி மட்டுமே ஒன்று என்று வரும். உண்மையில் நிகழ்ந்தவை இரண்டே மாற்றங்கள்: அல்லி நீங்கியது, செவ்வந்தி சேர்ந்தது.

இதனைக் கண்டுகொள்ள, டிஃப் இரண்டு கோப்புகளிலும் ஒரே முறையில் தொடர்ந்து வரும் மிக நீண்ட பொது வரிசையைத் தேடுகிறது. இங்கே அது ‘தாமரை, மல்லி, முல்லை, ரோஜா’ என்னும் நான்கு வரிகள். அந்த வரிசையில் சேராமல் பழைய கோப்பில் எஞ்சியது நீக்கப்பட்டது. புதியதில் எஞ்சியது சேர்க்கப்பட்டது. இரண்டு கோப்புகளின் வரி எண்ணிக்கையைக் கூட்டி, பொது வரிசையின் நீளத்தை இருமடங்காக்கிக் கழித்தால் மாற்றங்களின் எண்ணிக்கை கிடைக்கும். இங்கே 5 + 5 – 8 = 2.

அந்த நீண்ட பொது வரிசையைக் கண்டுபிடிப்பது எளிதன்று. நூறு வரிகளிலிருந்து சில வரிகளைப் பொறுக்கியெடுக்கும் வழிகளை எண்ணினால் அது 31 இலக்கங்கள் கொண்ட எண்ணாகும். அத்தனையையும் சோதிக்க எந்தக் கணினிக்கும் காலம் போதாது. அதற்கு மாறாக, ஒரு கோப்பின் வரிகளைக் கிடையாகவும் மற்றதன் வரிகளை நெடுக்காகவும் வைத்துக் கட்டம் போட்டு, முன் கட்டங்களின் விடையைக்கொண்டு அடுத்த கட்டத்தை நிரப்பிச் சென்றால், நூறு வரிகளுக்குப் பத்தாயிரம் கட்டங்களில் வேலை முடிந்துவிடும். வேறுபாடு குறைவாக இருந்தால் கட்டங்களில் பெரும்பகுதியைத் தொடாமலே செல்லலாம் என்று காட்டியதே மையர்ஸ் முறையின் சிறப்பு.

வெளிக்கருவி ஏன்?

டிஃப் தன் விடையைக் கருந்திரையில் எழுத்துகளாகவே தருகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டுக்கு, பழைய கோப்பின் முதல் வரி நீங்கியது, நான்காம் வரிக்குப் பின் ஒன்று சேர்ந்தது என்று குறிகளால் சொல்லும். நிரல் எழுதுவோர்க்கு அது போதும். தமிழ் உரைக்குப் போதாது. கருந்திரை ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் ஒதுக்குவது. தமிழில் கொம்பும் காலும் சேர்ந்து ஓர் எழுத்தாவதை அது பெரும்பாலும் சரியாகக் காட்டுவதில்லை. எனவே இரண்டு படிகளையும் பக்கம் பக்கமாக வைத்து, மாறிய இடத்தை வண்ணத்தால் காட்டும் வெளிக்கருவி நமக்குத் தேவையாகிறது.

இத்தகைய கருவிகளில் லினக்ஸ் கணினிக்கு ‘மெல்ட்’, விண்டோஸ் கணினிக்கு ‘வின்மெர்ஜ்’ ஆகியவை விலையின்றிக் கிடைப்பவை. மூன்று படிகளை ஒருசேர ஒப்பிட ‘கேடிஃப்3’ உதவும். கையில் இரண்டு கோப்புகள் மட்டும் இருந்தால் கருவியைத் திறந்து இரண்டையும் காட்டினாலே போதும். நாங்களும் முதலில் அப்படியே செய்தோம். ஆனால் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்து வைத்து, எந்த நாளைய படியோடும் ஒப்பிட வேண்டுமானால், உரையைக் கிட்டில் காத்து, அதற்கு மெல்ட்டை வெளிக்கருவியாக அமைத்துக்கொள்வதே நல்லது.

அமைக்கும் முறை

கட்டளைகளின் ஒலிப்பை இங்குத் தமிழில் தந்துள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே இட வேண்டும்.

1. முதலில் மெல்ட்டை நிறுவித் தனியே ஒருமுறை திறந்து பாருங்கள். தனியே திறக்காத கருவி கிட் அழைத்தாலும் திறக்காது.

2. எந்தக் கருவியை அழைப்பது என்று கிட்டுக்குச் சொல்ல வேண்டும்:

கிட் கான்ஃபிக் --குளோபல் டிஃப்.டூல் மெல்ட்

‘குளோபல்’ என்பதால் இந்த அமைப்பு அந்தப் பயனரின் எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்தும்.

3. கருவி வழக்கமான இடத்தில் இல்லாவிட்டால் அது இருக்கும் பாதையைத் தர வேண்டும்:

கிட் கான்ஃபிக் --குளோபல் டிஃப்டூல்.மெல்ட்.பாத் "பாதை"

பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி கட்டாயம். அதை விட்டுவிடுவதால்தான் விண்டோஸ் கணினிகளில் பலருடைய முயற்சி முதலடியிலேயே நின்றுவிடுகிறது.

4. மெல்ட், வின்மெர்ஜ் போன்றவற்றை அழைக்கும் முறை கிட்டுக்கு முன்பே தெரியும். தெரியாத கருவியானால் ‘டிஃப்டூல்’ என்பதோடு கருவியின் பெயரையும் ‘சிஎம்டி’ என்பதையும் புள்ளியிட்டுச் சேர்த்து, அழைக்கும் கட்டளை முழுவதையும் நாமே தர வேண்டும். அதில் பழைய படிக்கு ‘லோக்கல்’ என்றும் புதிய படிக்கு ‘ரிமோட்’ என்றும் பெரிய எழுத்துகளில், முன்னால் டாலர் குறியிட்டு எழுத வேண்டும். இவ்விரண்டின் வரிசை மாறினால் பழையது புதியதாகவும் புதியது பழையதாகவும் தோன்றும். சேர்த்ததை நீக்கியதாக எண்ணி நாம் ஏமாறுவோம்.

5. ஒவ்வொரு கோப்புக்கும் ‘திறக்கட்டுமா?’ என்று கேட்பதை நிறுத்த:

கிட் கான்ஃபிக் --குளோபல் டிஃப்டூல்.பிராம்ப்ட் ஃபால்ஸ்

6. தமிழில் பெயரிட்ட கோப்புகளின் பெயர்கள் எண்களாகத் தெரிந்தால்:

கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ்

இனி ‘கிட் டிஃப்டூல்’ என்று இட்டால் மெல்ட் திறக்கும். ‘கிட் டிஃப்’ என்பது முன்போலவே கருந்திரையில் காட்டும். ஒன்று மற்றதைக் கெடுக்காது. ஓர் எச்சரிக்கை: இடப்பக்கம் தெரியும் பழைய படி, காட்டுவதற்காக எடுத்த தற்காலிக நகல். அதில் செய்யும் திருத்தம் நிலைக்காது. நாம் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு வலப்பக்கத்தில் இருக்கும். திருத்தத்தை அங்கேயே செய்து சேமிக்க வேண்டும்.

அமைத்தவுடன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒரு கோப்பையும் மாற்றம் செய்யாத அதன் நகலையும் ஒப்பிடுங்கள்; வேறுபாடு ஒன்றும் காட்டக் கூடாது. பிறகு ஓர் எழுத்தைத் தெரிந்தே மாற்றி ஒப்பிடுங்கள். அந்த ஓர் இடம் மட்டும் காட்ட வேண்டும். தராசின் இரு தட்டும் வெறுமையாக இருக்கும்போது முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கடைக்காரர் பொருளை நிறுக்கிறார் அல்லவா?

பொய் வேறுபாடுகள்

நண்பரின் கோப்புகளை முதன்முதலில் கருந்திரையில் டிஃப் கொண்டு ஒப்பிட்டபோது எல்லா வரிகளுமே வேறு என்று வந்தது. நாங்கள் திகைத்துப் போனோம். கருவி பழுதோ என்று எண்ணினோம். கருவி சரியாகவே சொன்னது; எதை வேறுபாடு என்று கொள்வது என்பதை நாங்கள்தான் அதற்குச் சொல்லவில்லை.

முதற்காரணம் வரியின் முடிவு. தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்தால் இரண்டு வேலைகள் உண்டு: வண்டியைத் தொடக்கத்திற்குத் தள்ளுவது, தாளை ஒரு வரி மேலேற்றுவது. விண்டோஸ் இன்றும் வரிதோறும் இவ்விரண்டுக்கும் இரண்டு குறிகளை இடுகிறது. லினக்ஸ் ஒரே குறியை இடுகிறது. நண்பரின் கோப்பு ஒன்றில் பிறந்தது; நிலையத்தின் கோப்பு மற்றதில் பிறந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு குறியே எல்லா வரிகளையும் வேறாக்கியது. ‘--ஸ்ட்ரிப்-டிரெய்லிங்-சிஆர்’ என்னும் விருப்பத்தைச் சேர்த்ததும் இத்தொல்லை நீங்கியது.

அதன் பின்னும் நூற்றுக்கு மேற்பட்ட வரிகள் வேறு என்று நின்றன. மெல்ட்டில் திறந்து பார்த்தோம். ‘கொடி’ என்று இடப்பக்கம். ‘கொடி’ என்றே வலப்பக்கம். ஆயினும் வண்ணம் காட்டியது! இதுவே தமிழ் மாணவர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி. ஒருங்குறியில் ‘கொ’ என்பதை இருவகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒருவகை. ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகளாக எழுதுவது மற்றொரு வகை. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்ளும். ஆகவே ஒரே ‘கொ’ ஓரிடத்தில் ஆறு பைட்டு; மற்றோரிடத்தில் ஒன்பது பைட்டு. ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இவ்வாறே. ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் சமம் என்றே வகுத்திருக்கிறது. ஒன்றாக்கும் இயல்பாக்க முறையையும் தந்திருக்கிறது. பைத்தான் மொழியில் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியின் ‘நார்மலைஸ்’ என்னும் செயற்கூறு, ‘என்எஃப்சி’ என்று சொன்னால் இவற்றை ஒரே வடிவாக்கிவிடும். இரண்டு கோப்புகளையும் அவ்வாறு மாற்றிய பின்னரே ஒப்பிட வேண்டும்.

ஆனால் இயல்பாக்கமும் எல்லாவற்றையும் தீர்க்காது. ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம். 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது. ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு ‘கெளரவம்’ என்று எழுதுவோர் பலர். பார்வைக்கு ஒன்று போலிருந்தாலும் இது உண்மையான எழுத்துப்பிழை. கருவி இதைக் காட்டியே தீர வேண்டும். இவ்வாறு எது பொய் வேறுபாடு, எது மெய் வேறுபாடு என்று பிரிக்க மொழியறிவு வேண்டும்.

இடைவெளியைப் பற்றியும் ஒரு சொல். எல்லா இடைவெளிகளையும் புறக்கணி என்று கருவிக்குச் சொல்லும் வசதி உண்டு. வரிக்கடைசியில் எஞ்சும் இடைவெளியைப் புறக்கணிப்பது நன்று. சொற்களின் இடையே உள்ளதைப் புறக்கணித்தால் ‘பலகை’யும் ‘பல கை’யும் ஒன்றாகிவிடும். தொல்லை குறைகிறது என்று வேண்டாததையெல்லாம் அடக்கினால், வேண்டியதும் சேர்ந்து அடங்கிப்போகும்.

உரைநடையில் மற்றொரு தொல்லை உண்டு. ஒரு பத்தி முழுவதும் கணினிக்கு ஒரே வரி. ஓர் எழுத்து மாறினாலும் பத்தி முழுவதும் மாறியதாக டிஃப் கூறும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று தட்டச்சு செய்து வைத்தால் இது தீரும். ‘கிட் டிஃப்’ கட்டளையோடு ‘--வேர்ட்-டிஃப்’ என்று சேர்த்தால் சொல் சொல்லாகவும் காட்டும்.

ஓலையும் கணினியும்

சிக்கல் நமக்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1880 முதல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோதுதான் சீவக சிந்தாமணியின் ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1887இல் பதிப்பித்தார். நம்மைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியர் செய்த வேலை அது. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். அங்கே ஒரு வடிவத்தைப் பல எழுத்துகளாகப் படிக்க முடிந்தது. இன்று கணினியிலோ ஒரே எழுத்து பல குறியீடுகளாக ஒளிந்திருக்கிறது. சிக்கல் தலைகீழாகியிருக்கிறதே தவிர, தீரவில்லை. அன்று பதிப்பாசிரியர்கள் வேறுபட்ட பாடங்களை அழித்துவிடாமல் பாடபேதம் என்று குறித்து வைத்தார்கள். கிட்டில் ஒவ்வொரு படியையும் பதிந்து வைக்கும் நாமும் அதே ஒழுக்கத்தைத்தான் பின்பற்றுகிறோம்.

முடிவுரை

பொய் வேறுபாடுகள் நீங்கிய பின் நண்பரின் கோப்புகளில் முப்பத்தெட்டு இடங்கள் எஞ்சின. அவற்றுள் இருபத்தொன்று நெறியாளரின் திருத்தங்கள்; அவற்றை ஏற்றோம். பதினான்கு, நிலையத்தில் ‘திருத்திய’ பாட்டியின் சொற்கள். அவற்றைப் பழையபடியே மீட்டோம். மூன்று, நண்பர் முதலில் செய்திருந்த தட்டச்சுப் பிழைகள். நிலையத்தார் அவற்றைச் சரியாகவே திருத்தியிருந்தார்கள். பழையதெல்லாம் சரி என்றோ, புதியதெல்லாம் தவறு என்றோ கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்திருந்தால் ஏதேனும் ஒரு வகையில் ஆய்வேடு கெட்டிருக்கும்.

முப்பத்தெட்டு இடங்களையும் காட்டியது கருவி. ஒவ்வொன்றிலும் எது நிற்க வேண்டும் என்று சொன்னவர் நண்பர்; அந்தப் பாட்டியின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர் அவர்தாம். வேறுபாட்டைக் காண்பது கணினியின் வேலை. அதன் பொருளை உணர்வது மனிதனின் வேலை. இவ்விரண்டில் ஒன்றை மற்றதன் தலையில் சுமத்தும்போதுதான் ஏடு கெடுகிறது.

ஆய்வேடு எழுதப்போகும் நண்பர்கள், ஒரு வரியும் தட்டச்சு செய்யும் முன்பே இக்கருவியை அமைத்துக்கொள்வார்களாக. அமைப்பதற்கு அரை மணி நேரம் போதும். ‘வெள்ளாமை’ இன்று நண்பரின் ஆய்வேட்டில், அது பாடப்பட்ட இடத்திலேயே இருக்கிறது.